மூக்கினுள் வளரும் சதை: எப்படி இனங்காண்பது?

மூக்கால் இரத்தம் வருவது எமது கிராமங்களில் புதினமான விடயமல்ல. வெயிலில் நின்று வேலை செய்தவருக்கு வரும். மூக்கைக் குடைந்த சிறுவனுக்கு வரும். இரத்த அழுத்தக் குளிசையை இடையில் நிறுத்திவிட்ட வயோதிபருக்கும் வரும். மூக்கடைப்பும் அப்படித்தான். தடிமன் என்போம், பீனிசம் என்போம், ஆவி பிடிப்போம், வேர்க்கொம்பு உரைத்துப் பூசுவோம். அநேகமாக மாறியும் விடும்.

நாம் இங்கே எழுதுவது மாறாத ஒன்றைப் பற்றி. ஒரு பக்கத்து மூக்கு மட்டும் அடைக்கிறது. அதே பக்கத்தால் இடைக்கிடை இரத்தம் கசிகிறது. கிழமைகள் கடந்தும் விடுவதாயில்லை. இப்படியானால் அந்தப் பக்கத்தில் ஒரு சதை வளர்ந்திருக்கக்கூடும். அது பெரும்பாலும் புற்றுநோயாக இராது. ஆயினும் மிக அரிதாக, மணத்தை உணரும் இழையத்திலிருந்தே கிளம்புகின்ற ஒரு புற்றுக்கட்டியாகவும் அது இருக்கலாம். இரண்டையும் வைத்தியர்கள் எவ்வாறு வேறுபிரித்து அறிகிறார்கள், அந்த வேலையில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் என்ன பங்கு என்பதே எமது விடயம்.

அரிது என்றால் எவ்வளவு அரிது? வெளிநாட்டுக் கணக்குகளின்படி ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு ஆண்டில் ஒருவரை இக்கட்டி பிடிக்கிறது. எமது மாவட்டத்தின் சனத்தொகை ஐந்து இலட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவே வரும். அப்படியானால் இதற்கு ஏன் இவ்வளவு பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒருவருக்கு வரும் அறிகுறியும், குளத்துத் தண்ணீரால் மூக்கில் சதை வளர்ந்தவருக்கு வரும் அறிகுறியும், வேறு வகைப் புற்றுநோய் தொடங்கியவருக்கு வரும் அறிகுறியும் ஒன்றே. எவருக்கு எது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரே பரிசோதனைதான் எல்லோரையும் பிரித்துக் காட்டும்.

மணம் உணரப்படும் இடம்

மூக்குத் துவாரத்தின் வழியே மேலே போனால் மூக்கின் கூரை வரும். அக்கூரையில், இரு பக்கமும், ஒரு சிறு முத்திரை அளவான இடத்திலே மணத்தை உணரும் மெல்லிய இழையம் படிந்திருக்கிறது. இழையம் என்பது ஒரே வேலைக்கென்று கூடிய கலங்களின் தொகுதி. இங்குள்ள நரம்புக் கலங்கள் தங்கள் நுனியைக் காற்றோட்டத்தில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் மறுமுனைகள் கூரை என்பிலுள்ள நுண்ணிய துளைகளினூடாக மூளைக்குள் ஏறுகின்றன. அந்த என்பு நாம் மா அரிக்கும் அரிதட்டைப் போன்றது. தட்டின் கீழே மூக்கு, மேலே மூளை. இரண்டுக்கும் இடையிலே அவ்வளவுதான் சுவர்.

நரம்புக் கலங்கள் பொதுவாக ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மணத்தை உணரும் கலங்கள் இதற்கு விலக்கு. தூசும் புகையும் கிருமியும் நேரே படும் இடத்தில் இருப்பதால் அவை சில கிழமைகளுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை உதிர்ந்துபோக, அடியிலுள்ள வித்துக் கலங்கள் புதியவற்றை உண்டாக்கியபடியே இருக்கின்றன. 2020இல் கொரோனா வந்து மணம் இழந்த பலருக்குப் பின்னர் மணம் திரும்பியமைக்கு இந்த இழையம் புதுப்பிக்கப்படுவதும் ஒரு காரணம். ஆனால் எங்கே கலங்கள் ஓயாது பெருகுகின்றனவோ, அங்கே பெருக்கம் கட்டுமீறிப் போவதற்கும் இடமுண்டு. அடியிலுள்ள அந்த வித்துக் கலங்களிலிருந்தே இக்கட்டி தோன்றுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1924ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் பேர்ஜே, லுய்க் என்னும் வைத்தியர்கள் இதனை முதன்முதலில் விபரித்தார்கள். வைத்திய நூல்களில் இதன் பெயர் ஒல்பக்டரி நியூரோபிளாஸ்டோமா. அந்தப் பெயரை நீங்கள் மனனம் செய்யத் தேவையில்லை. றிப்போட்டில் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இது ஏன் வருகிறது என்பதற்கு நிச்சயமான காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. பரம்பரையாகத் தொடரும் நோயென்றும் காட்டப்படவில்லை. ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. எனவே ‘யார் செய்த பாவம், யார் வைத்த வினை’ என்ற விசாரணையில் காலத்தைச் செலவிட வேண்டாம். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையோ செபம் பண்ணுவதையோ நாம் தடுக்கவில்லை. அது கிளினிக்குக்குப் போகும் நாளைப் பின்தள்ளக்கூடாது என்று மட்டும் சொல்கிறோம்.

மணத்தின் இழையத்திலே தொடங்கும் கட்டியென்றால் மணம் போவதுதானே முதல் அறிகுறியாக இருக்கவேண்டும்? அநேகமாக அப்படி நடப்பதில்லை. ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் வேலை செய்வதால் குறை தெரியாமற் போகிறது. வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். கண்ணை மூடி, ஒரு துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றத் துவாரத்தால் கோப்பித்தூளை முகர்ந்து பாருங்கள். பின்னர் பக்கத்தை மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் மணமே இல்லையென்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரு பக்கமும் மணம் நன்றாகத் தெரிந்தாலும், அதனால் கட்டி இல்லை என்று தீர்மானித்துவிட வேண்டாம்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

ஒரு பக்கத்து மூக்கில் இரத்தமும் அடைப்பும் தோன்ற எமது பகுதியில் வேறு பல காரணங்கள் உண்டு. சிறு பிள்ளைக்கு ஒரு பக்கத்தால் நாற்றமுள்ள சீழ் வந்தால், புளியங்கொட்டையோ மாலை மணியோ உள்ளே கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஓடை நீரைக் குனிந்து வாயால் உறிஞ்சிக் குடித்தவரின் மூக்கில் அட்டை புகுந்து நாட்கணக்காக இரத்தம் கசிந்த சம்பவங்களும் வைத்திய ஏடுகளில் உண்டு.

இவற்றை விட, விவசாயக் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது றைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரால் வளரும் சதை. 1900ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனாவில் கில்லர்மோ சீபர் இதனை விபரித்தார். ஆனால் உலகில் பதிவான நோயாளரிற் பெரும்பகுதியினர் இந்தியாவிலும் இலங்கையிலுமே உள்ளனர். எமது நாட்டின் உலர் வலயத்திலும், தமிழ்நாட்டில் சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற குளத்துப் பாசன மாவட்டங்களிலும் இது அறிமுகமான நோய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரத் அர்சகுலரத்ன அவர்கள் நெடுங்காலம் இதனை ஆராய்ந்தார்கள். தேங்கிய நன்னீரில் குளிப்பவர்களையும் வயலில் வேலை செய்பவர்களையுமே இது அதிகம் பிடிக்கிறது. மாடும் மனிதரும் ஒரே குளத்தில் இறங்கவேண்டிய நிலை, இடம்பெயர்ந்து கிணறில்லாத காணியில் குடிசை போட்டவர்களுக்கு எவ்வளவு சாதாரணம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. இந்தச் சதை செக்கச் சிவந்து, மேலே ரவை தூவியது போன்ற வெண்புள்ளிகளுடன் இருக்கும். தொட்டால் இரத்தம் பெருகும். இது புற்றுநோயல்ல, ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதுமில்லை. வெட்டி எடுத்து, அடிப்பாகத்தைச் சுட்டுவிடுவார்கள். ஆயினும் சிலருக்குத் திரும்பவும் முளைக்கும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘குளத்தாலே வந்த சதை, என் தகப்பனுக்கும் இருந்தது’ என்று ஒருவர் தானே தீர்மானித்துவிடுகிறார். அல்லது எங்கோ ஓரிடத்தில் சதையை இழுத்து எடுத்து வாளிக்குள் போட்டுவிடுகிறார்கள். ஆய்வுகூடத்துக்குப் போகாத சதை என்னவென்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது. தொடக்கநூலில் கண் மங்கிய ஈசாக்கு, யாக்கோபைக் கையால் தடவியும் உடுப்பை முகர்ந்தும் பார்த்து, வயலின் மணம் வீசுகிறது, இவன் ஏசாவேதான் என்று நம்பி ஏமாந்த கதை உங்களுக்குத் தெரியும். மூக்கினுள் வளரும் சதை விடயத்தில் அனுபவமுள்ள நிபுணரும் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை.

வைத்தியர் என்ன செய்வார்?

காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் முதலில் கேள்விகள் கேட்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை நாள், இரத்தம் தானாக வருகிறதா சிந்தும்போது வருகிறதா, கண் பிதுங்குகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்பன போன்றவை அவை. கழுத்தையும் தடவிப் பார்ப்பார்கள். மூக்கிலுள்ள புற்று கழுத்து நெறிகளுக்கு இறங்கக்கூடும் என்பதே காரணம். பிறகு மருந்து தெளித்து மூக்கை மரக்கச் செய்து, நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கூச்சமாக இருக்கும், பெரிய நோவு இராது. சதை எங்கே வேரூன்றி நிற்கிறது என்பதே அவர்கள் தேடும் செய்தி. ஒவ்வாமையால் வரும் சாதாரண சதை பெரும்பாலும் இரு பக்கமும், உரித்த திராட்சைபோல வெளிறி இருக்கும். இலேசில் இரத்தம் வராது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் கூரையிலிருந்து தொங்கும் சிவந்த சதையென்றால் வைத்தியர் நிதானிப்பார்.

அவர் அன்றே வெட்டாமல் ‘சி.ரி. ஸ்கேன் எடுத்து வாருங்கள்’ என்று சொல்லும்போது எமது மக்கள் மனம் நொந்துபோவதை நாம் பலதரம் கண்டிருக்கிறோம். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்று நினைக்கிறார்கள். அந்தத் தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அரிதட்டு என்பில் ஓட்டை இருந்து, மூளையின் உறையும் மூளையும் மூக்குக்குள் இறங்கியிருக்கும். பார்வைக்கு அதுவும் சதைதான். தெரியாமல் வெட்டினால் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கால் ஒழுகும். பதின்ம வயதுப் பையன்களுக்கு வரும் ஒருவகைக் கட்டி முழுக்க முழுக்க இரத்தக் குழாய்களால் ஆனது. கிளினிக் கதிரையில் இருத்தி அதிற் கத்தி வைத்தால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகிவிடும். ஆகவே முதலில் படம், பிறகே துண்டு.

சி.ரி. படம் என்பைக் காட்டும். அரிதட்டு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். எம்.ஆர்.ஐ. படம் மென்மையான பாகங்களைக் காட்டும். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சளி எது, கட்டி எது, மூளைக்குள் ஏறியிருக்கிறதா, கண்குழிக்குள் போயிருக்கிறதா என்பதெல்லாம் அதிலே பிரிந்து தெரியும். மணத்தின் இழையத்துக் கட்டி மேலே ஏறிவிட்டால் படத்தில் ஓர் உடுக்குப் போலத் தோன்றும். மூக்கினுள் ஒரு பருமன், மூளைப் பக்கம் ஒரு பருமன், இடுங்கிய நடுப்பகுதி அரிதட்டு இருக்கும் இடம். அப்படிக் கண்டால் வைத்தியருக்குப் பலத்த சந்தேகம் எழும். ஆனாலும் படம் தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புச் சொல்வது பயொப்சி எனப்படும் இழையப் பரிசோதனையே. சதையில் ஒரு துண்டை எடுத்து, பழுதடையாமல் இருக்க போமலின் திரவத்தில் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதை மெழுகுக் கட்டியினுள் பதித்து, கடதாசியை விடப் பலமடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமூட்டி, நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். குளத்துச் சதையென்றால் வித்துகள் நிறைந்த உருண்டைப் பைகள் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அத்தோடு முடிந்தது விடயம். மணத்தின் இழையத்துக் கட்டியென்றால் சிறிய, உருண்டையான, நீலமாய்ச் சாயம் பிடித்த கலங்கள் கும்பல் கும்பலாக நிற்கும். சிலவேளை அவை பூவிதழ்கள்போல வட்டமாய் அடுக்கப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில் நோயியல் நிபுணருக்கும் ஒரு சிக்கல் வருகிறது. நிணநீர்க் கலங்களின் புற்று, தசையில் தோன்றும் சிறுவர் புற்று, கருநிறப் புற்று என்று வேறு பல கட்டிகளும் இதே சிறிய நீலக் கலங்களாகவே தெரியும். நாற்றுப் பருவத்தில் நெல்லையும் நெல்லோடு முளைத்த புல்லையும் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. கதிர் தள்ளினால்தான் குட்டு வெளிப்படும். கலங்களைக் ‘கதிர் தள்ளச்’ செய்வதற்கென்று விசேட சாயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாயமும் ஒரு குறித்த புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நரம்புக் கலத்துக்குரிய சினப்டோபிசின், குரோமோகிரனின் என்பவை ஒட்டினால், கும்பலின் ஓரங்களில் நிற்கும் துணைக் கலங்களில் எஸ்-100 என்பதும் ஒட்டினால், நிணநீர்ப் புற்றுக்குரிய சாயம் ஒட்டாமல் விட்டால், மணத்தின் இழையத்துக் கட்டி என்ற முடிவுக்கு வருவார்கள். இச்சாயங்கள் எல்லா ஆய்வுகூடங்களிலும் இருப்பதில்லை. மெழுகுக் கட்டியை வேறு நகரத்துக்கு அனுப்பி முடிவு பெறக் கிழமைகள் செல்லலாம். ஏன் இத்தனை நுணுக்கம்? நிணநீர்ப் புற்றுக்கு மருந்தேற்றுவதே முக்கிய சிகிச்சை. மணத்தின் இழையத்துக் கட்டிக்குச் சத்திரசிகிச்சையும் பெரும்பாலும் அதன் பின்னர் கதிர்ச் சிகிச்சையும். பெயர் பிழைத்தால் வைத்தியமும் பிழைக்கும்.

‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற பேச்சு எமது ஊர்களில் பலமாக உண்டு. அதற்குப் பயந்தே பலர் பயொப்சிக்குச் சம்மதிப்பதில்லை. உரிய முறையில் ஒரு துண்டு எடுப்பதால் இக்கட்டி பரவுவதில்லை. அப்பேச்சு பிறந்த விதம் எமக்கு விளங்குகிறது: முற்றிய நிலையில் வருபவருக்குத் துண்டு எடுத்து, அடுத்த சில மாதங்களில் அவர் இறந்துபோனால் பழி கத்தியின் மேல் விழுகிறது. அதற்கு முன் வீட்டில் கழிந்த ஓராண்டை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

1976இல் கடிஷ் என்பவரும் அவரது சகாக்களும் வகுத்த நிலைகளைக் கொண்டு இந்த வித்தியாசத்தைக் காட்டலாம். மூக்கை வீட்டின் ஓர் அறை என்று கொள்ளுங்கள். நெருப்பு அந்த அறைக்குள் மட்டும் இருந்தால் முதலாம் நிலை. பக்கத்து அறைகளான முகத்தின் காற்றுக்குழிகளுக்குப் போனால் இரண்டாம் நிலை. சுவரையும் கூரையையும் தாண்டிக் கண்ணுக்கோ மூளைக்கோ போனால் மூன்றாம் நிலை. முதல் நிலையில் பிடிபட்டவர்களிற் பெரும்பாலானோர் சிகிச்சைக்குப் பின் ஐந்து ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறார்கள். ஆனால் அறிகுறி சாதாரண தடிமன் போலிருப்பதால் பலர் பிந்தியே வருகிறார்கள் என்பதுதான் உலகெங்கும் காணப்படும் நிலை. “பாதர், வெட்டு முடியட்டும், சூடடிச்சிப்போட்டுப் போவம்” என்பது படுவான்கரைக்கு மட்டும் உரிய சாக்கல்ல.

எப்போது போவது? ஒரு பக்கத்து அடைப்பும் அதே பக்கத்து இரத்தமும் மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்தால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போய், மூக்கு வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கண் பிதுங்கினால், பார்வை இரட்டித்தால், கழுத்தில் நோவில்லாத கட்டி தோன்றினால் மூன்று கிழமை பார்த்திருக்க வேண்டாம். இரத்தம் ஓடும்போது மல்லாந்து படுக்கக்கூடாது. இருந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் விடாமல் பொத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியருக்குக் கட்டணமில்லை என்றாலும், போக்குவரத்தும் இழந்த நாட்கூலியும் கட்டணந்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதைக்குக் காத்திருக்கும் சிரமம் நீங்கியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவும் உண்டு. எனினும் மூளையை அண்டிய சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ, கதிர்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்பப்பட நேரலாம். துணைக்குப் போகிறவர் யார், வயலையும் மாட்டையும் பார்ப்பவர் யார் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பங்கிலோ முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடதாசியும் மெழுகுக் கட்டியும்

1990இலும், 2004இல் கடல் வந்தபோதும், 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோதும் எமது மக்கள் கையில் எடுத்தது அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒரு பை அரிசி. கிளினிக் கொப்பி வளையில் தொங்கிய பையோடு போயிற்று. சாதாரண நோயென்றால் புதிய கொப்பி போடலாம். இந்தக் கட்டி அப்படியல்ல. சுகமாகிப் பத்து ஆண்டு கழிந்த பின்னும் அதே இடத்திலோ கழுத்திலோ திரும்ப வரக்கூடியது. ஆகவே ஆயுள் முழுவதும் காலத்துக்குக் காலம் காட்டவேண்டும். புதிதாய்ப் பார்க்கும் வைத்தியர் முதற் கேள்வியாகக் கேட்பது பழைய பயொப்சி றிப்போட்டையே.

றிப்போட்டின் தலைப்பகுதியில் ஓர் இலக்கம் இருக்கும். உங்கள் சதை பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியின் இலக்கம் அது. ஆய்வுகூடங்கள் அந்தக் கட்டிகளைப் பல ஆண்டுகள் பேணி வைக்கின்றன. தாள் தொலைந்தாலும் வைத்தியசாலையின் பெயர், ஆண்டு, இலக்கம் என்ற மூன்றும் தெரிந்தால் மீண்டும் சீவிப் பார்க்க வழியுண்டு. சதை எடுத்த அன்றே அதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். றிப்போட் வந்ததும் அந்த மூன்றையும் காணி உறுதியின் உறையின் மேல் பேனையால் எழுதுங்கள். ஒரு போட்டோப் பிரதியை வாவிக்கு மறுகரையில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி உள்ள பிள்ளைகள் இருந்தால் படமெடுத்து ஊருக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.